நாற்பத்தெட்டு நாள் வல்லாரை

யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் வல்லாரையைச் சின்னச் சின்னக் கட்டாகக் கட்டி, தண்ணீர் தெளித்து வைத்திருப்பார்கள். சிங்களத்தில் கொட்டுக்கொல என்று கேட்டால்தான் சட்டென்று எடுத்துத் தருவார்கள். அதைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். போன வாரம் அப்படித்தான் தனியாக நின்று சிரித்துவிட்டேன். விலையைக் கேட்டுத்தான் சிரிக்கிறேன் என்று கடைக்காரத் தம்பி நினைத்துக்கொண்டு, மழையால் வரத்துக் குறைவு என்று கணக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். பழைய ஞாபகம் தம்பி என்று சொல்லிவிட்டு இரண்டு கட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து அந்த ஞாபகத்தைப் பேத்தியிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. இன்னொரு தரம் சொல்லுங்க, எழுதி வைக்கிறேன் என்று போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் பேசுவது ஏறுமாறாகத்தான் இருக்கும்; புத்தகத்தில் வருகிற மாதிரி அவளே நிமிர்த்தி எழுதிக்கொள்கிறாளாம். சரியாக எழுதுகிறாளா என்று பார்க்க எனக்கு எழுத்துத் தெரியாது. ஏன் தெரியாது என்பதுதான் சொல்லப்போகிற விஷயம்.

எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள், அண்ணனும் நானும். அண்ணன் பிறக்கும்போது அம்மா இரண்டு நாள் வலியில் கிடந்தாளாம். தலை அவ்வளவு பெரியதாம். நான் அப்படி இல்லை. அம்மா விடியற்காலையில் போய் ரப்பர் மரங்களில் பால் வெட்டிவிட்டு, சிரட்டைகளில் பால் வடிந்து முடிவதற்குள் என்னைப் பெற்றுவிட்டாள். அன்றைக்குப் பால் கூட வீணாகவில்லை, அப்பா ஓடிப்போய் எடுத்துவிட்டார் என்று சொல்லிச் சொல்லி மகிழ்வாள். ஆனால் அந்தக் கதையின் முடிவு எப்போதும் ஒன்றுதான். பெரிய தலையில் மூளை இருக்கிறது, சின்னத் தலையில் இடமில்லை.

இது எங்கள் அம்மாவின் நினைப்பு மட்டும் இல்லை. ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகளுக்கு ஒரு மூளைதான் என்று எங்கள் லயத்தில், அந்த நீள வரிசை வீடுகளில், எல்லோரும் நம்பினார்கள். ஒவ்வொரு காம்பரா வீட்டிலும் அது யாரிடம் போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்வார்கள். பக்கத்துக் காம்பராவில் அது மூத்த பெண்ணிடம் போய்விட்டதால் பின்னால் பிறந்த மூன்று பையன்களும் பாவம் என்று பேசிக்கொள்வார்கள். அந்தப் பையன்களும் பாவமாகவே முகத்தை வைத்துக்கொண்டு திரிவார்கள்.

பள்ளிக்கூடம் தோட்டத்து ஸ்டோருக்குப் பின்னால் இருந்தது. ஒரே நீளக் கட்டிடம், ஐந்து வகுப்பு, ஒரே ஒரு மாஸ்டர். ஒரு மனுசன் ஐந்து வகுப்பை எப்படிப் பார்ப்பார்? அவர் ஒரு வழி வைத்திருந்தார். மூளை இருக்கிற பிள்ளைகள் முன்னால் வாங்குப் பலகையில், இல்லாத பிள்ளைகள் பின்னால் உரச்சாக்கில். முதல் நாளே பிரித்துவிடுவார். சிலேட்டைக் கொடுத்து எழுதச் சொன்னார். நான் சிலேட்டையே அதற்கு முன் தொட்டதில்லை, குச்சியை முறித்துவிட்டேன். அவ்வளவுதான், சாக்கு. அவர் கெட்டவர் இல்லை. சாக்குப் பிள்ளைகளை அடிக்கவே மாட்டார். அடித்து என்ன பிரயோசனம் என்று விட்டுவிடுவார். நாங்கள் ஊற்று விழுகிற பீலியிலிருந்து பானைக்குத் தண்ணீர் கொண்டுவருவோம், முற்றம் கூட்டுவோம், ரப்பர் கொட்டை பொறுக்கி வந்து வாங்குப் பிள்ளைகள் எண்ணிப் படிக்கக் கொடுப்போம். எனக்கு அது பிடித்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அண்ணன் வாங்கில் முதல் ஆள். மாஸ்டர் ஒரு நாள் எங்கள் வீட்டு இஸ்தோப்புத் திண்ணைக்கே வந்து, அம்மா கொடுத்த சாயத் தண்ணியைக் குடித்துவிட்டு, அப்பாவிடம் சொன்னார்.

"இவன் பொறவி மூளக்காரன். மத்தவன் பத்து தரம் படிக்கணும். இவன் பாத்தாலே போதும்."

அப்பா அன்று முழுக்க லயத்தில் மேலும் கீழும் நடந்தார். அன்றிலிருந்து அண்ணன் வீட்டில் புத்தகத்தைத் திறப்பதில்லை. திறந்தால் யாராவது பார்ப்பார்கள். பார்த்தால், பாத்தாலே போதும் என்றாரே, இவன் ஏன் திரும்பத் திரும்பப் படிக்கிறான் என்று கேட்பார்கள். அதனால் அவன் ரகசியமாகப் படித்தான். அம்மாவும் அப்பாவும் பால் வெட்டப் போன பிறகு அடுப்படிப் புகையில் உட்கார்ந்து, உதடு மட்டும் அசைய, வாய்ப்பாட்டை இருபது தரம் சொல்வான். யாராவது வந்தால் புத்தகத்தை விறகுக்கு அடியில் தள்ளிவிடுவான். நான் பார்த்திருக்கிறேன். எதற்கு இப்படி ஒளிந்துகொண்டு படிக்கிறான் என்று யோசித்தேனா? இல்லை. மூளைக்காரர்கள் அப்படித்தான் படிப்பார்கள் போல என்று விட்டுவிட்டேன்.

அண்ணன் ஐந்தாம் வகுப்புக்கு வந்தான். ஸ்கொலர்ஷிப் பரீட்சை. அதில் பாஸானால் டவுன் பள்ளிக்கூடத்தில் தங்கிப் படிக்கலாம். பிறகு கிளாக்கர் உத்தியோகம், பிறகு எங்களுக்கு லயத்தை விட்டுத் தனி வீடு. அம்மா அந்த வீட்டுக்கு எத்தனை ஜன்னல் என்று கூட முடிவு செய்துவிட்டாள். மூன்று. பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மாரியம்மன் கோயில் பூசாரியிடம் கேட்டாள். அவர் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், விடாமல் வெறும் வயிற்றில் வல்லாரை கொடுக்கச் சொன்னார். இருக்கிற மூளை கூராகிவிடும், ஒரு நாள் கூடத் தவறக்கூடாது.

பறிக்கிற வேலை எனக்கு. அம்மா அந்த நேரத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போயிருப்பாள். இருட்டுப் பிரியும் நேரம் நான் பீலிக்கரைக்குப் போவேன். காலில் அட்டை ஏறும்; உப்பைத் துணியில் முடிந்து கொண்டுபோவேன். ஒரு கைப்பிடி பறித்து, அலசி, வீட்டுக்கு வந்து அம்மியில் வைத்து அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி அண்ணனுக்குக் கொடுக்க வேண்டும். முதல் நாளே அம்மா என் தாடையைப் பிடித்துச் சொல்லிவிட்டாள்.

"நீ வாயில வச்சிராத. ஒனக்குக் குடுக்கிறது ஓட்ட வாளியில பால் ஊத்துறது."

பீலிக்குக் கீழே ஓடை, அதற்கு அந்தப் பக்கம் சிங்கள ஆட்களின் ஊர். அங்கேயிருந்து ஒரு அக்கா வல்லாரை பறிக்க வருவாள். நான் ஒரு கைப்பிடி பறிப்பதற்குள் அவள் ஒரு கூடை பறித்துவிடுவாள். நன்றாகத் தமிழ் பேசுவாள். என்னை நங்கி, தங்கச்சி, என்பாள். எதற்கு நங்கி தினமும் பறிக்கிறாய் என்று கேட்டாள். அண்ணனுக்கு மூளைக்கு என்றேன். கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"ஐயோ நங்கி, இது தேங்கா போட்டு மல்லுங் செஞ்சி சோத்துக்குத் திங்கிறதுதானே. மூள வருமின்னா எங்கட வீட்டு மனுசன் இப்ப பார்லிமெந்துல இருக்கணும்."

நானும் சிரித்தேன். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் சோற்றோடு தின்கிறார்கள், அதனால் கீரையாகிவிடுகிறது; மண்டலம் வைத்துத் தின்றால்தான் மூளை. பாருங்கள், எவ்வளவு அழகாக யோசித்திருக்கிறேன். அதுவும் சின்னத் தலையில்.

முதல் நாள் அண்ணன் உருண்டையை விழுங்கிவிட்டு ஓங்கரித்தான். இரண்டாம் நாள் வாயருகில் கொண்டுபோனதுமே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, என் கையில் வைத்து, தின்றுவிடு புள்ள, அம்மாவிடம் சொல்லாதே என்றான். எறிந்துவிடலாம்தான். கோயில் பூசாரி சொல்லிக் கொடுத்ததை எறிந்தால் சாமி குற்றமாகிவிடும் என்று இருவருக்கும் பயம். தின்றுவிட்டேன். கசப்பும் துவர்ப்புமாக நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது. மறுநாளும் தின்றேன். அதற்கு மறுநாளும்.

ஒரு வாரம் போனதும் என் தலை குளிர்ந்த மாதிரி இருந்தது. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கொஞ்சம் பெரிதாகக் கூட ஆகியிருந்த மாதிரி பட்டது. சரி, நமக்கும் மூளை வந்துகொண்டிருக்கிறது, வந்ததைச் சும்மா வைத்திருப்பானேன் என்று சாக்கில் உட்கார்ந்தபடியே கரும்பலகையைப் பார்க்க ஆரம்பித்தேன். அதற்கு முன் அந்தப் பக்கம் பார்த்ததே இல்லை. பார்க்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, நமக்கு இல்லை என்று நானே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது மாஸ்டர் வாங்குப் பிள்ளைகளுக்கு ஓதுவதை எல்லாம் வாங்கிக்கொண்டேன். ஒன்று புரியாவிட்டால், இன்னும் நாலு நாள் வல்லாரை உள்ளே போனால் புரியும் என்று விடாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். நாலு நாளில் புரிந்துவிடும். அடுப்புக்கரியால் காம்பராச் சுவரில், நெல் மூட்டைக்குப் பின்னால் யாருக்கும் தெரியாத இடத்தில், எழுதிப் பார்த்தேன். தேயிலை டின்னில் இருந்த எழுத்தைக் கூட்டிக் கூட்டி 'தேயிலை' என்று நானாக வாசித்த அன்று எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? டின்னைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அறுபது வயதை நெருங்கிவிட்டேன். கல்யாணம் பார்த்தாயிற்று, பிள்ளைப்பேறு பார்த்தாயிற்று, அந்த மாதிரி ஒரு சந்தோஷம் பிறகு வரவில்லை.

முப்பத்தொன்பதாம் நாள் அந்த வினை நடந்தது. நான் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தேன், அண்ணன் அடுப்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். ஏழெட்டு என்று சொல்லி நின்றான். மறுபடி ஏழெட்டு என்றான். ஐம்பத்தாறு என்று சொல்லிவிட்டேன். அரைக்கிற கை கூட நிற்கவில்லை. சும்மா வாயில் வந்துவிட்டது.

அண்ணன் திரும்பிப் பார்த்தான். இன்னொன்று கேட்டான், சொன்னேன். இன்னொன்றும் கேட்டான், அதையும் சொன்னேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"வல்லாரதான். நான்தான தினமும் திங்கிறேன்."

அவன் முகம் அப்போது போன போக்கை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அம்மியிலிருந்து அப்படியே வழித்து எடுத்து வாயில் போட்டான். அன்றிலிருந்து அவனே தின்றான். ஓங்கரித்து ஓங்கரித்து, வெளியே வந்ததை மறுபடி விழுங்கி, மிச்சமிருந்த ஒன்பது நாளும் தின்றான். ஆனால் மண்டலம் முறிந்துவிட்டதே. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுப்படியில் உட்கார்ந்து படிப்பதையும் விட்டுவிட்டான். போனது போய்விட்டது, இனிப் படித்து என்ன என்பது போல.

பரீட்சை அன்று அப்பா வெள்ளைச் சாரம் கட்டிக்கொண்டு அவனை பஸ்ஸில் கூட்டிப்போனார். அவன் வந்து, எழுதினேன் என்று மட்டும் சொன்னான். பெரிய மழை விழுந்து பால் வெட்டு இல்லாத ஒரு நாளில் முடிவு வந்தது. அம்மா, அப்பா எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். மாஸ்டர் நனைந்துகொண்டே வந்தார். இந்த முறை இஸ்தோப்பில் ஏறவில்லை. வாசலில் நின்றபடி, மார்க்கு ரொம்பக் குறைவு, நான்தான் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டேன், இவனுக்கு இருந்தது மூளை இல்லை, வெறும் ஞாபகம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். சரியான கீரையைத்தான் பறித்தாயா, அதே மாதிரி இலையில் வேறொன்றும் இருக்கிறதே, அதைப் பறித்துவிட்டாயா என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே அடித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான்.

மழை விட்டதும் அவனைத் தேடிப் பீலிக்குப் போனேன். தண்ணீர் விழுகிற இடத்தில் கல்லில் உட்கார்ந்திருந்தான். என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, அவனே சொன்னான்.

"மொதப் பக்கத்துலயே ஒரு கணக்கு வரல. வல்லார தின்னிருந்தா வந்திருக்கும்னு தோணிச்சு. அப்பறம் மத்த பக்கத்தத் திருப்பவே இல்ல." கல்லில் பாசியைச் சுரண்டிக்கொண்டே, "நீ தின்னது தப்பில்ல புள்ள. நான்தான குடுத்தேன்" என்றான்.

திட்டியிருந்தால் பரவாயில்லை. அப்படிச் சொன்னதுதான் எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அன்று இரவு முழுவதும் என் தலையைத் தொட்டுப் பார்த்தேன். ஒரு வயிற்றுக்கு ஒரு மூளை. அது அண்ணனிடம் இருந்தது. முப்பத்தேழு உருண்டையாக நான் அதை எடுத்துத் தின்றுவிட்டேன். எனக்கு எட்டு வயது. இதில் எந்த இடத்திலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

திருப்பிக் கொடுப்பது என்று முடிவு செய்தேன். எப்படிக் கொடுப்பது? தின்றதைக் கக்க முடியாது. மூளையில் வந்ததை ஒவ்வொன்றாக வெளியே விட்டால் அது உரியவனிடம் தானாகப் போய்விடும் என்று தோன்றியது. முதலில் நெல் மூட்டைக்குப் பின்னால் சுவரில் இருந்ததை எல்லாம் சாணித் துணியால் அழித்தேன். தேயிலை டின்னைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். கரும்பலகையைப் பார்ப்பதை நிறுத்தினேன். மாஸ்டர் ஓதும்போது எனக்குள்ளேயே வேறு ஏதாவது சத்தமாகச் சொல்லிக்கொள்வேன், காதில் ஏறாமல் இருக்க. அது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். எழுத்து தெரிந்த கண்ணுக்கு எதிரில் எழுத்து வந்தால் அது தானாக வாசித்துவிடும். கண்ணைக் குறுக்கி, கலக்கி, அதை வெறும் கோடாகப் பார்க்கப் பழக வேண்டும். நான் பழகினேன். இப்போது பஸ் போர்டு, மருந்துச் சீட்டு, எல்லாம் எனக்கு வெறும் கோடுதான். பஸ்ஸை நிறத்தை வைத்து ஏறுகிறேன். போனில் அண்ணனைக் கூப்பிட அவன் படத்தைத் தேடி அமுக்குகிறேன்.

அண்ணன் இன்னும் அதே லயத்தில்தான் இருக்கிறான். பன்னிரண்டு வயதில் பால் வாளியைத் தூக்கினான். பிறகு குடித்தான். இப்போது நடக்கக் கால் வராது, குடியும் இல்லை. பேரப்பிள்ளைகள் புத்தகத்தோடு பக்கத்தில் வந்தால், நம்ம குடும்பத்துக்கு மண்டை இல்லடா, வீணாகக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே என்கிறான். போன தீபாவளிக்குப் போயிருந்தபோது நான் வல்லாரை மல்லுங் செய்து வைத்தேன். இரண்டு பேரும் சோற்றோடு தின்றோம். ருசியாகத்தான் இருந்தது. அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே, இதையா அன்றைக்கு விழுங்க முடியாமல் போனது என்றான். நான் சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். சிரித்து முடித்ததும் நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.

எங்கேயோ போய்விட்டேன். பேத்தி போனைத் தட்டிக்கொண்டே, பிறகு பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று கேட்கிறாள்.

முடிவு வந்த அடுத்த திங்கட்கிழமை, மாஸ்டர் அண்ணனை வாங்கிலிருந்து எழுப்பிப் பின்னால் அனுப்பினார். சத்தம் போடவில்லை, கையைத்தான் காட்டினார். அண்ணன் சிலேட்டை எடுத்துக்கொண்டு வந்து என் சாக்கில் உட்கார்ந்தான். வாங்கில் முதல் இடம் காலியாக இருந்தது. மாஸ்டருக்கு அந்த இடம் காலியாக இருப்பது பிடிக்கவில்லை போலும். இரண்டு மாதத்துக்கு முன்னால் பானைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நான் வாய்க்குள் வாய்ப்பாடு சொன்னதை அவர் கேட்டிருக்கிறார். அது அவருக்கு அப்போது ஞாபகம் வந்துவிட்டது.

என்னைக் கூப்பிட்டார். போய் நின்றேன். அந்த வாங்கு என் முழங்காலை இடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் உட்கார்ந்து உட்கார்ந்து வழுவழுப்பாகி இருந்தது.

"ஏழெட்டு எவ்வளவு? சொன்னா இங்கனயே ஒக்காந்துக்கலாம்."

வகுப்பே திரும்பிப் பார்த்தது. ஐம்பத்தாறு என் நாக்கில் வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"தெரியாது மாஸ்டர்."

இன்னொரு தரம் கேட்டார். கொஞ்சம் அன்பாகத்தான் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். மாஸ்டர், அன்றைக்கு யாரோ சொன்னதைக் கிளி மாதிரிச் சொல்லியிருக்கிறது என்று முணுமுணுத்து, போ என்றார்.

பின்னால் போய் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கு அப்படி ஒரு நிம்மதி. ஐம்பத்தாறை விட்டுவிட்டேன், பெரிய ஒன்றை விட்டுவிட்டேன், இப்போது அது அவனிடம் போயிருக்க வேண்டும். அவன் குனிந்து சாக்கிலிருந்து ஒரு நூலை உருவிக்கொண்டிருந்தான். நிமிர்வான், ஐம்பத்தாறு என்பான் என்று அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடிக்கும் வரை பார்த்தேன். கொடுத்தால் போய்ச் சேரும் என்பது எனக்குத் தெரியும். எத்தனை நாள் பிடிக்கும் என்பதுதான் தெரியவில்லை.